கையில் 6 பிஆர் இருக்கிறது. சொந்தமாக ஒரு வைல்ட்கேட் செய்யலாமா?

#1 | புதுக்குழல்

எல்லாருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக 6 பிஆர் (6 மில்லிமீட்டர் குண்டுள்ள ஒரு தோட்டா) ரைஃபிளில் பெஞ்ச்ரெஸ்ட், அதாவது ரைஃபிளை மேசைமேல் தாங்கி வைத்துச் சுடுகிறேன். 100 கெஜம், 200 கெஜம், அவ்வளவுதான். பழைய குழல் போய்விட்டது. கேமரா விட்டுப் பார்த்தால், உள்ளே திருகு கோடுகளாக ஓடும் புரி தொடங்குகிற இடத்தில் வறண்ட ஏரி மாதிரி வெடிப்பு. புதுக் குழல் வாங்கி மூலையில் சாத்தி வைத்திருக்கிறேன். சேம்பர், அதாவது தோட்டா உட்காரும் அறை, வெட்டித் தரப்போகிறவர் "எந்த ரீமர் போடட்டும்?" என்று அதைக் குடையும் கருவியைப் பற்றிக் கேட்டு ஒரு வாரம் ஆகிறது, இன்னும் பதில் சொல்லவில்லை.

என் ஆசை ஒரு வைல்ட்கேட், அதாவது கம்பெனித் தோட்டாவின் உறையை நாமே வடிவம் மாற்றிச் செய்துகொள்வது. 6 பிஆரின் பித்தளை உறையில், உடம்பு கழுத்தாகக் குறுகும் தோளை 30 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு நிமிர்த்த வேண்டும். உடம்பின் சரிவைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். அதில் கிடைக்கும் இடத்தில் வெடிமருந்து கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். படம்கூட வரைந்துவிட்டேன். பெயர்தான் இன்னும் வைக்கவில்லை.

கடைசியாக 100 கெஜத்தில் ஐந்து ரவுண்டு குரூப் ஐந்து சுட்டேன், சராசரி 0.31 அங்குலம் (ஒரு குரூப்பில் ஆகத் தள்ளி விழுந்த இரண்டு ஓட்டைகளின் நடுவுக்கு நடு உள்ள தூரம்). வைல்ட்கேட் போனால் 0.2-க்கு இறங்குமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

#2 | ரீமர்தாசன்

தம்பி, யோசிக்கவே யோசிக்காதீர்கள், செய்யுங்கள். இன்றைக்கு அட்டைப் பெட்டியில் வரும் தோட்டாக்களில் பல, ஒரு காலத்தில் யாரோ ஒருவரின் பட்டறையில் பிறந்த காட்டுப் பூனைதான். .250 சாவேஜ் உறையின் கழுத்தை .22-க்கு இறுக்கிப் பல வருடம் பல பேர் சுட்ட பிறகுதான், 1965-இல் ரெமிங்டன் அதை .22-250 என்று தத்தெடுத்தது. .25-06 அதற்குள் கிழடு தட்டிப்போயிருந்தது, 1969-இல்தான் அதற்கும் தொழிற்சாலை வாசல் திறந்தது.

பெஞ்ச்ரெஸ்ட் பக்கம் வந்தால் கதை இன்னும் சுவை. 1950-இல் ரெமிங்டனின் மைக் வாக்கர் கொடுத்த .222 ரெமிங்டன் கால் நூற்றாண்டு மேசையை ஆண்டது. அதைக் கீழே இறக்கியது எந்தக் கம்பெனியும் இல்லை. லூயி பால்மிசானோ என்று ஒரு டாக்டர், ஃபெரிஸ் பிண்டெல் என்று ஒரு கருவி செய்கிறவர். இரண்டு பேரும் எடுத்தது .220 ரஷ்யன் உறை. அது யார் பிள்ளை தெரியுமா? 7.62×39. ரஷ்ய இராணுவத் தோட்டாவின் வம்சத்தில் வந்த குட்டை உறையின் தோளை முன்னால் தள்ளி, கழுத்தை விரித்து, 1975 வாக்கில் 6 பிபிசி (PPC) ஆக்கினார்கள். அப்புறம் இன்றுவரை 100, 200 கெஜக் குரூப் போட்டி என்றால் அதுதான்.

குட்டையாக, குண்டாக இருக்கும் மருந்துத் தூண் ஒரே சீராக எரிகிறது. உறையின் அடியில் பொறி தரும் ப்ரைமர் சின்னது, அந்த நெருப்பு மருந்துக்குப் போகும் தீத்துளை 2 மில்லிமீட்டருக்குப் பதில் ஒன்றரை மில்லிமீட்டர். இத்தனையும் இரண்டு தனி மனிதர்கள் பிடிவாதம் பிடித்ததால் வந்தது. நீங்களும் பிடியுங்கள்.

#3 | காற்றுக்கொடி

தாசன் அண்ணன் ரீமர் விற்கிற ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் கேட்டுக்கொள்கிறேன்: அண்ணா, கமிஷன் எவ்வளவு?

புதுக்குழல், ஒரு சின்னக் கணக்கு. 68 கிரெய்ன் எடையுள்ள 6 மில்லிமீட்டர் குண்டு நொடிக்கு 3,300 அடி வேகத்தில் கிளம்புகிறது. காற்றின் தடையே இல்லாவிட்டால் 100 கெஜம் போக 0.091 நொடி. தடையோடு போனால் சுமார் 0.095. குண்டைப் பக்கவாட்டில் தள்ளுவது இந்த இடைவெளிதான், 0.004 நொடிச் சொச்சம். மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்றில் அது முக்கால் அங்குலம். ஒரே ஒரு மைல் காற்று மாறினால் 0.075 அங்குலம், கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர்.

இப்போது உங்கள் வைல்ட்கேட் வேகத்தை நூறு அடி ஏற்றுகிறது என்றே வைப்போம். அந்த 2 மில்லிமீட்டரில் நாலைந்து சதவீதம் குறையும், அதாவது மூன்று நான்கு தௌ. (தௌ தெரியாதவர்களுக்கு: அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு. லேத் பட்டறையில் இதைத் தவிர வேறு பேச்சே இருக்காது.) ஆனால் காற்றைக் காட்ட மைதானத்தில் நடும் கொடியின் வாலைக் கவனிக்காமல் ஒரு ரவுண்டு விட்டால் 75 தௌ போகிறது.

எத்தனை கொடி நடுகிறீர்கள்? அதை முதலில் சொல்லுங்கள்.

#4 | புதுக்குழல்

ஒன்று. ☹

#5 | காற்றுக்கொடி

அப்படியென்றால் ரீமர் காசில் மூன்று கொடி வாங்குங்கள். மீதிக்குக் குண்டு வாங்கிச் சுடுங்கள்.

#6 | பித்தளைமுடி

காற்றுக்கொடி சொல்வது சரிதான், ஆனால் கேட்டது வேறு. தம்பி கேட்டது உறை செய்வதைப் பற்றி. பதினோரு வருடமாக 6 பிபிசி செய்கிறேன், என் கை செய்வதை எழுதுகிறேன். வைல்ட்கேட் என்றால் என்ன வேலை தலையில் விழும் என்று தெரிந்துகொண்டு முடிவெடுக்கட்டும்.

முதலில் உறைகளை எடை போடுவேன். நூறு .220 ரஷ்யன் உறையில் ஒன்றுக்கொன்று நெருக்கமான நாற்பதைப் பொறுக்கிக்கொள்வேன். இது பெரிய வித்தை இல்லை, பழக்கம். சிலர் இதைச் செய்வதே இல்லை, அவர்களும் என்னைத் தோற்கடித்திருக்கிறார்கள்.

அப்புறம் கழுத்து விரிப்பு. கழுத்தின் உள்ளே மெழுகு தடவி, மாண்ட்ரல் என்ற தண்டின் மேல் ஒரே அழுத்தில் .22-இலிருந்து 6 மில்லிமீட்டருக்குக் கொண்டுபோக வேண்டும். பாதியில் தயங்கினால் கழுத்து கோணும். ஒரு சின்னக் கிறீச் சத்தம் கேட்டால் மெழுகு போதவில்லை என்று அர்த்தம், அந்த உறையைத் தனியே வையுங்கள்.

அடுத்தது கழுத்துக் கடைசல். மனசு லயிக்கிற இடம் எனக்கு இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் சேம்பரின் கழுத்து 0.262 அங்குலம். குண்டு 0.243. சுவரை 0.0085-க்குச் சீவினால் இரண்டு பக்கமும் சேர்த்து 0.017, குண்டோடு 0.260. மிச்சம் இரண்டு தௌ இடைவெளி. சுடும்போது கழுத்து விரிந்து குண்டை விட வேண்டிய இடமே அவ்வளவுதான். இந்த இரண்டு தௌவை நம்பித்தான் எல்லாம் நடக்கிறது.

சீவும்போது கத்தியிலிருந்து பித்தளை இழை இழையாக வரும், குழந்தையின் முதல் முடி மாதிரி. அது ஒரே நீளத்தில் சுருண்டு வந்தால் கை சரியாகப் போகிறது. திட்டுத் திட்டாக வந்தால் கழுத்தின் ஒரு பக்கம் தடிப்பு. ஐந்தாறு உறை தொடர்ந்து சீவினால் மாண்ட்ரல் சூடாகி உப்பும், சுவர் அளவு தானாக மாறும். எட்டாவது உறையை அளந்தால் கால் தௌ வித்தியாசம் காட்டும். நிறுத்திவிட்டு ஆற விடுங்கள். நான் எப்போதும் இரண்டு சுற்றாகச் சீவுவேன், முதல் நாள் பெரும்பகுதி, மறுநாள் கடைசி ஒரு தௌ.

கத்தி எங்கே நிற்க வேண்டும் என்பதில்தான் புதுசாக வருகிறவர்கள் தவறுவார்கள். கழுத்தும் தோளும் சேரும் மூலையில் நிறுத்திவிடுவார்கள். கூடாது. தோளுக்குள் ஒரு மெல்லிய கோடு விழும்வரை போக வேண்டும். இல்லாவிட்டால் அந்த மூலையில் மிஞ்சும் தடித்த பித்தளை உள்பக்கம் வளையமாகத் திரண்டுகொள்ளும். டோனட் என்பது அதைத்தான். குண்டின் அடி அதன்மேல் உட்கார்ந்தால் அந்த ஒரு ரவுண்டு மட்டும் எங்கேயோ போகும், நீங்கள் காற்றைத் திட்டுவீர்கள்.

பிறகு நெருப்பில் உருவாக்குதல், அதாவது சுட்டே உறையைச் சேம்பரின் வடிவத்துக்கு விரிய வைப்பது. தோள் இன்னும் பின்னால்தான் இருக்கிறது, சேம்பரைத் தொடாது. அதனால் குண்டை நீளமாக வைத்து, அது புரியில் அழுந்தி நிற்க, உறையின் அடி, சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டின் முகத்தில் ஒட்டியிருக்கும்படி சுட வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் உறை அடிப்பக்கம் இழுபடும். வலைக்குள் ஒரு மெல்லிய வளையம் தெரியும், இரண்டு மூன்று சுடுக்குப் பிறகு அங்கேயே அறுந்துபோகும். முதல் சுடில் தோள் மூலை மொழுக்கென்று இருக்கும். மூன்றாவது சுடில்தான் விளிம்பு கூராகும். அதுவரை சுடுகிற குரூப்பை நான் நோட்டில் எழுதுவதே இல்லை.

இத்தனையும் முடிந்தால் உங்கள் கையில் நாற்பது உறை இருக்கும். போட்டி நாளில் அதில் இருபதுகூடத் தேவைப்படாது. அதையே திரும்பத் திரும்ப அடைத்துச் சுடுவீர்கள்.

#7 | பித்தளைமுடி

மேலே "வலைக்குள்" என்று வந்திருக்கிறது, "உறைக்குள்" என்று படிக்கவும். ஃபோனில் தட்டினேன்.

#8 | லேத்துக்காரன்

அக்கா எழுதியதில் ஒன்று சேர்க்கிறேன். கழுத்துச் சுவர் சீராக இருந்தும் குண்டு கோணலாக உட்காரலாம். டயல் கேஜில் உருட்டிப் பாருங்கள், ஆட்டம் இரண்டு தௌவுக்கு மேல் போனால் தப்பு பெரும்பாலும் சுட்ட உறையைத் திரும்ப அளவுக்கு இறுக்கும் டையில். உறையில் தேடாதீர்கள். கடையில் வாங்கின டை வைல்ட்கேட்டுக்குப் பொருந்துவதும் இல்லை. சேம்பர் வெட்டுகிற அதே ரீமரின் ஜோடி ரீமரில் டை வெட்டச் சொல்லுங்கள். தோளை ஒரு தௌ மட்டும் பின்னால் தட்டினால் போதும், உறை வருடக்கணக்கில் உழைக்கும்.

#9 | புதுக்குழல்

அக்கா, நன்றி. படித்ததும் பயமாகவும் இருக்கிறது, ஆசையாகவும் இருக்கிறது. இரண்டு கேள்வி. என் படத்தின்படி தோள் 40 டிகிரி, கழுத்து தொடங்கும் இடம் 6 பிஆரில் இருக்கும் அதே இடம். இதற்கும் குண்டை அழுத்தி வைத்துத்தான் சுட வேண்டுமா? இன்னொன்று, இதற்கு எத்தனை கிரெய்ன் மருந்தில் தொடங்கலாம்?

#10 | லேத்துக்காரன்

தம்பி, சொல்ல வருத்தமாக இருக்கிறது. நீங்கள் பெயர் வைக்காமல் வைத்திருக்கும் பிள்ளைக்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது: 6 பிஆர்ஏ. கடைசி எழுத்து, உறைகளை இப்படி நிமிர்த்திப் பெயர் வாங்கிய அமெரிக்கத் துப்பாக்கிப் பட்டறைக்காரர் ஆக்லியுடையது.

#11 | ரீமர்தாசன்

ஹா ஹா. கவலைப்படாதீர்கள், வைல்ட்கேட் செய்கிற எல்லாரும் முதலில் கண்டுபிடிப்பது வேறு யாரோ கண்டுபிடித்ததைத்தான். நான் ஒரு குளிர்காலம் முழுக்க வரைந்தது கடைசியில் டேஷர் என்று தெரிந்தது, அதுவும் 6 பிஆரில் பிறந்த ஒரு வைல்ட்கேட்.

முதல் கேள்விக்கு நானே சொல்லிவிடுகிறேன். டேஷரில் தோளைக் கால் சென்டிமீட்டர் முன்னால் தள்ளுகிறார்கள். அதனால் பிஆர் உறையை அதில் போட்டால் தாங்கிப் பிடிக்கத் தோளே இருக்காது. கழுத்தை விரித்துத் திரும்ப இறுக்கிப் பொய்த்தோள் போட வேண்டும், இல்லாவிட்டால் குண்டைப் புரியில் அழுத்த வேண்டும். ஆக்லி வழி வேறு. கழுத்தும் தோளும் சேரும் மூலை பழைய இடத்திலேயே, சொல்லப்போனால் நாலு தௌ பின்னால் இருக்கும்படி சேம்பரை வெட்டுவார்கள். பிஆர் உறையைப் போட்டு போல்ட்டை மூடும்போது அந்த மூலை லேசாக நசுங்கிப் பிடித்துக்கொள்ளும். கையில் ஒரு சின்ன இறுக்கம் தெரியும், தெரிய வேண்டும். அந்தப் பிடி இருந்தால் சாதாரண பிஆர் ரவுண்டைச் சுட்டே உறையை உருவாக்கலாம். இரண்டில் உங்களுக்கு எது சுலபம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

#12 | பித்தளைமுடி

இரண்டாவது கேள்விக்கு இங்கே யாரும் எண் எழுத மாட்டார்கள், எழுதினால் நம்பாதீர்கள். வைல்ட்கேட் என்றாலே சாமியோ (SAAMI) சிஐபியோ (CIP), அதாவது தோட்டாக்களுக்கு அளவும் அழுத்தமும் வகுக்கும் அமைப்புகள், அளந்து முத்திரை குத்தாத தோட்டா என்றுதான் பொருள். என் சேம்பர் கழுத்து வேறு, கழுத்துக்கும் புரிக்கும் நடுவே உள்ள தொண்டையின் நீளம் வேறு, உறையின் கொள்ளளவு வேறு. என்னிடம் சாதுவாக இருக்கிற அளவு உங்களிடம் ப்ரைமரைத் துளைக்கும். தாய்த் தோட்டாவான 6 பிஆருக்கு மருந்து தயாரிப்பாளர் அச்சிட்டிருக்கும் தொடக்க அளவிலிருந்து கிளம்புங்கள், குண்டின் வேகம் அளக்கும் க்ரோனோகிராஃப் வைத்து மெல்ல ஏறுங்கள். வேகம் கணக்குக்கு மீறிக் கூடினால் அழுத்தம்தான் கூடியிருக்கும். புது வடிவம் மாயம் செய்துவிட்டது என்று நினைக்காதீர்கள்.

#13 | ரீமர்தாசன்

அக்கா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் நிமிர்ந்த சுவருக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஆக்லியே செய்து காட்டினார். வின்செஸ்டர் 94 ரைஃபிளில், .30-30 தோட்டாவின் சரிவைக் குறைத்துச் செய்த உறையைப் போட்டு, போல்ட்டைப் பூட்டும் துண்டைக் கழற்றிவிட்டுத் தூரத்திலிருந்து சுட்டார். உறை சேம்பர் சுவரைக் கவ்விக்கொண்டு அங்கேயே நின்றது. போல்ட் முகத்தில் விழும் உதை எவ்வளவு குறைகிறது பாருங்கள்.

(யாரும் வீட்டில் செய்து பார்க்காதீர்கள் என்று எழுத வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். எழுதிவிட்டேன்.)

#14 | பித்தளைமுடி

அது .30-30-இன் அழுத்தம், எண்ணெய் இல்லாத சேம்பர். நாம் மேசையில் சுடுவது அதைவிட ரொம்ப மேலே. அந்தச் சோதனையை வைத்து "எனக்கு அழுத்தமே வராது" என்று நினைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நிமிர்ந்த சுவர் அழுத்தத்தைக் குறைக்காது அண்ணா, அழுத்தத்தின் அடையாளத்தை மறைக்கும். போல்ட் இலேசாகத் திறக்கிறது, நல்லதுதான் என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். ஒருநாள் பார்த்தால் ப்ரைமர் குழி தளர்ந்து, ப்ரைமர் விரலால் தள்ளினாலே உள்ளே போகும். அப்போது உறை செத்துவிட்டது.

#15 | ரீமர்தாசன்

அடையாளத்தை மறைக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். உதை குறையும் என்பதை விட்டுத்தர மாட்டேன்.

#16 | பித்தளைமுடி

சரி, அப்படியே வைத்துக்கொள்வோம்.

#17 | கணக்கன்

தாமதமாக வந்தேன். யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த 0.31 உண்மையிலேயே 0.31 தானா?

ஒரே ரைஃபிள், ஒரே தோட்டா, காற்றே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஐந்து ரவுண்டு குரூப் ஒவ்வொன்றும் வேறு வேறு அளவில்தான் வரும். சிதறலின் திட்ட விலக்கத்தை ஒன்று என்று கொண்டால், மூன்று ரவுண்டு குரூப் சராசரியாக 2.4, ஐந்து ரவுண்டு 3.07, பத்து ரவுண்டு 3.8. மூன்று ரவுண்டு சுட்டுப் படம் போடுகிறவர்கள் ஏன் எப்போதும் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று இதிலேயே தெரியும். ஐந்து ரவுண்டு குரூப்பின் அளவு, சராசரியிலிருந்து 27 சதவீதம் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஆடுவது சாதாரணம்.

ஐந்து குரூப்பின் சராசரி எடுத்தால் அந்த ஆட்டம் 12 சதவீதமாகக் குறையும். ஆகவே உங்கள் 0.31 என்பது உண்மையில் 0.24-இலிருந்து 0.38 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். புது வைல்ட்கேட் பத்து சதவீதம் மேல் என்று நிரூபிக்க ஆசைப்பட்டால், பழையதில் ஐம்பது அறுபது குரூப், புதியதில் ஐம்பது அறுபது குரூப் வேண்டும். பக்கத்துக்கு முந்நூறு ரவுண்டு. ஒரு பெஞ்ச்ரெஸ்ட் குழலின் நல்ல காலம் ஆயிரம் ரவுண்டைச் சுற்றித்தான் என்று பலரும் கணக்கு வைக்கிறார்கள். மூன்றில் ஒரு பங்கு சோதனைக்கே போய்விடும், மிச்சத்தில்தான் போட்டி.

#18 | காற்றுக்கொடி

கணக்கன் அண்ணா வந்தால் இழை செத்துவிடும் என்று தெரியும்.

#19 | ரீமர்தாசன்

சாகவில்லை. அப்படியென்றால் சாதனைக்கு என்ன சொல்வீர்கள்? 100 கெஜத்தில் ஐந்து ரவுண்டு, 0.009 அங்குலம், மாக் மெக்மில்லன், 1973. நாற்பது வருடம் யாராலும் தொட முடியவில்லை. 2013-இல் மைக் ஸ்டினெட் 0.0077 சுட்டார். மில்லிமீட்டரில் சொன்னால் கால் மில்லிமீட்டர்கூட இல்லை, 0.2. எதில் சுட்டார்? 30 ஸ்டூவர்ட். 6.5 கிரெண்டல் உறையின் கழுத்தை .30-க்கு விரித்த வைல்ட்கேட். பிபிசி இல்லை ஐயா, வைல்ட்கேட்!

#20 | கணக்கன்

அது ஒரு குரூப். உலகம் முழுக்க நாற்பது வருடம் சுட்ட அத்தனை குரூப்பிலும் ஆகச் சிறியது எது என்று கேட்டால் ஏதோ ஒன்று வரத்தான் வேண்டும். சுட்டவரின் திறமையைக் குறைக்கவில்லை, 0.0077 சுடத் தகுதியான ரைஃபிள் இல்லாதவருக்கு அந்த அதிர்ஷ்டம் வாசலுக்கே வராது. ஆனால் எந்த உறை நல்லது என்பதற்கு அது சாட்சி ஆகாது. போட்டியில் ஒரு குரூப்பை வைத்து ஜெயிப்பவரைத் தீர்மானிக்காமல் ஐந்து குரூப்பின் சராசரி பார்ப்பது எதற்கு? இதற்காகத்தான்.

#21 | லேத்துக்காரன்

காற்றை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹூஸ்டன் கிடங்கு இருக்கிறது. எண்பதுகளின் தொடக்கத்தில் வர்ஜில் கிங் என்பவரும் நண்பர்களும் ஒரு பெரிய கிடங்குக்குள் 100 கெஜம் அளந்து மேசை போட்டுச் சுட்டார்கள். கொடி இல்லை, கானல் இல்லை, வெயில் இல்லை. அங்கே பெயர் வாங்கியதும் பிபிசி குடும்பம்தான். குழல் நீளம் 21¾ அங்குலம் என்று அவர்கள் வந்து நின்றதை இன்றும் பலர் வேதமாகப் பிடித்திருக்கிறார்கள். எனக்கு அந்தக் கால் அங்குலக் கணக்கில் நம்பிக்கை இல்லை. ஆனால் அவர்கள் உறைக்கும் குண்டு உட்காரும் ஆழத்துக்கும் கொடுத்த கவனத்தில் நம்பிக்கை இருக்கிறது.

#22 | இரட்டைக்குழல்

வழக்கமாகப் படிப்பதோடு சரி. இன்று எழுதுகிறேன், ஏனென்றால் யாரும் இதைச் சொல்லவில்லை.

என்னிடம் ஒரே ரைஃபிளுக்கு இரண்டு குழல் உண்டு. இரண்டும் 6 பிபிசி. ஒன்றின் கழுத்து 0.262, மற்றொன்று 0.264. இரண்டாவதற்குச் சுவரை 0.0095 வைத்திருந்தேன், அடைத்த ரவுண்டு சரியாக 0.262. ஒருநாள் அவசரத்தில் அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு முதல் குழலோடு போய்விட்டேன். போல்ட் மூடும்போது கொஞ்சம் இறுக்கம். குண்டு புரியில் அழுந்துகிறது என்று நினைத்து மூடினேன். 0.262 சேம்பரில் 0.262 கழுத்து. விரிய இடமில்லை, குண்டை விட வழியில்லை.

முகத்தில் சூடான காற்று அடித்தது. கண்ணாடி போட்டிருந்ததால் இதை எழுதுகிறேன். ப்ரைமர் ஓட்டை விழுந்து, உறையின் அடியில் போல்ட்டின் எழுத்து அச்சாகியிருந்தது. போல்ட்டை ரப்பர் சுத்தியலால் தட்டித்தான் திறக்க முடிந்தது. அந்தக் குழலும் ஆக்ஷனும் நல்லதாகப் போயிற்று, பிழைத்தன. தவறு முழுக்க என்னுடையது.

இப்போது குழலில் தோட்டாப் பெயரோடு கழுத்து அளவையும் பொறித்திருக்கிறேன், பெட்டியிலும் அதே எண். வைல்ட்கேட் செய்கிறவர்கள் பெயர் வைக்கிற ஆசையில் இதை மறக்காதீர்கள். நீங்கள் போன பிறகு அந்த ரைஃபிள் கைமாறினால் வாங்குகிறவருக்கு என்ன தெரியும்?

#23 | பித்தளைமுடி

கண் தப்பியதே, அது போதும். இதை எல்லா வைல்ட்கேட் இழையிலும் முதல் பதிவாக ஒட்டி வைக்கலாம்.

#24 | புதுக்குழல்

எல்லாருக்கும் நன்றி. நடுவில் பிபிசிக்கே போய்விடலாமா என்றும் யோசித்தேன். ஆனால் என் போல்ட் முகம் பிஆர் அடிக்கானது, 0.473 அங்குலம். பிபிசியின் அடி 0.445 தான். இன்னொரு போல்ட் வாங்க வேண்டும், அது முடியாது. ஆகவே பிஆர்ஏ. புது ரீமர் செய்யச் சொல்லவில்லை, வாடகைக்கு ஒன்று கிடைக்கிறது. என் படத்தை மடித்து வைத்துவிட்டேன்.

கொடி மூன்று வாங்கிவிட்டேன்.

#25 | காற்றுக்கொடி

இந்த இழையில் நடந்த ஒரே நல்ல காரியம்.

#26 | புதுக்குழல் (ஐந்து மாதம் கழித்து)

திரும்ப வந்தேன். இருபது உறை செய்தேன், ஒன்றிலிருந்து இருபது வரை அடியில் எண் போட்டு. கடைசி இருபது குரூப்பின் சராசரி 0.27.

#27 | கணக்கன்

வாழ்த்துகள். பழைய 0.31 வெறும் ஐந்து குரூப். அதன் ஆட்டத்துக்குள்ளேயே இந்த 0.27 விழுகிறது. உறையாலா, கொடியாலா, ஐந்து மாதப் பழக்கத்தாலா என்று சொல்ல முடியாது.

#28 | ரீமர்தாசன்

உறையால்.

#29 | காற்றுக்கொடி

கொடியால்.

#30 | புதுக்குழல்

😀 இருக்கட்டும். இப்போது வேறு தொந்தரவு. 17-ஆம் எண் உறை. எந்தக் குரூப்பில் அது வந்தாலும் அந்த ரவுண்டு தனியே மேலே போகிறது, கால் அங்குலம். எடை சரி, நீளம் சரி, டயல் கேஜில் ஆட்டம் ஒரு தௌகூட இல்லை. மூன்று முறை கவனித்துவிட்டேன், காற்று இல்லை.

#31 | பித்தளைமுடி

சுட்ட உறை, திரும்ப டையில் போடாதது, அதன் கழுத்தில் ஒரு குண்டை மேலிருந்து விட்டுப் பாருங்கள். தள்ளாதீர்கள், விட மட்டும் செய்யுங்கள். தானாக வழுக்கி உள்ளே போக வேண்டும்.

#32 | புதுக்குழல்

இருபதிலும் பார்த்தேன் அக்கா. பத்தொன்பதில் டக்கென்று உள்ளே விழுந்தது. 17-இல் முக்கால் வழி போய் அப்படியே நிற்கிறது, கவிழ்த்தால் திரும்பி வருகிறது.

நோட்டை எடுத்துப் பார்த்தேன். 17 சீவும்போது ஃபோன் வந்திருக்கிறது. "பாதியில் நிறுத்தினேன், பிறகு தொடர்ந்தேன்" என்று நானே எழுதி வைத்திருக்கிறேன். தோளில் விழ வேண்டிய கோடு அதில் இல்லை.

#33 | பித்தளைமுடி

டோனட். தூக்கிப் போட்டுவிடாதீர்கள். துடைத்த குழலில் முதல் ரவுண்டு எப்படியும் குரூப்பில் சேராது, சூடேற்றத்தான் விடுகிறோம். 17 அதற்கு இருக்கட்டும்.